சூரன்போரும் பதினெட்டு இன்னிங்ஸும்

அம்மாவுக்கு பேஸ்போல் விதிகள் எதுவும் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். 2025 ஒக்ரோபரில் ஒரு நாள், வெங்காயம் உரித்தபடியே சொன்னார்: "உதென்ன, எங்கட எல்லேதானே. நான் பள்ளிக்கூடத்தில எல்லே ரீமில இருந்தனான்."

எழுபத்தாறு வயதில் வந்த வாக்குமூலம். எல்லே என்பது இலங்கையில் நாங்கள் ஆடுகிற பந்தடி. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது, தரிப்புகளைத் தொட்டுக்கொண்டு வீடு திரும்புவது. யோசித்தால் வித்தியாசம் பெரிதாக இல்லைத்தான். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்தே அவுட்டாக்கலாம். அந்த விதி இங்கேயும் இருந்திருந்தால் எதிரணியான நியூயோர்க் யாங்கீஸ்காரரைக் கணக்குத் தீர்த்திருக்கலாம் என்பது அம்மாவின் அபிப்பிராயம்.

ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் இரசிகனாக இருப்பதென்பது பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி செப்ரெம்பரில் முடிகிற ஒரு வேலை. 162 ஆட்டங்கள். அநேகமாக ஒவ்வொரு நாளும் ஒரு ஆட்டம். காரில் வானொலி, குசினியில் ரீவி, ஒரு கண்ணும் அரைக் காதும் போதும். இன்று தோற்றால் நாளை இருக்கிறது. ஒக்ரோபர் அப்படியல்ல. நாளை என்பது திடீரென்று எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு பந்துக்கும் வயிற்றுக்குள் ஒரு கை போய்ப் பிசையும். இதற்கு ஏன் மனிதர்கள் ஏங்குகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பல்லுவலி தொடங்குமா என்று மாதக்கணக்கில் ஆவலோடு காத்திருப்பது போன்றது அது.

எனக்கு அது பிடித்தது 1993 இல். நாங்கள் வந்து மூன்று மாதம். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பகுதியில் ஐந்து பேர் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒக்ரோபர் 23, சனிக்கிழமை இரவு. அப்பா வேலைக்குப் போய்விட்டார். எங்களிடம் ரீவி இல்லை. திடீரென்று மேலே தடதடவென்று கால்கள் ஓடின. வெளியே கூச்சல், வாகனங்களின் ஹோர்ன், எதையோ போட்டு அடிக்கிற சத்தம். அம்மா எங்களைக் கையில் பிடித்து இழுத்து, யன்னல் இல்லாத பக்கச் சுவரோடு இருத்திவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. சத்தம் கேட்டால் முதலில் சுவர், அப்புறம்தான் கேள்வி. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு இத்தாலியக் கிழவர் ஒரு கையில் சட்டியும் மறுகையில் அகப்பையுமாக நின்றார். இரண்டையும் என்னிடம் தந்து, அடி அடி என்று சைகை காட்டினார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் 5–6 என்று பின்தங்கி நின்ற அணிக்கு ஜோ கார்ட்டர் என்பவர் மூன்று ஓட்ட ஹோம் ரண் (மைதானச் சுவரைத் தாண்டுகிற அடி) அடித்து, பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரையே முடித்துவிட்டார் என்பதை நான் பள்ளிக்கூடத்தில்தான் அறிந்தேன். அந்த இரவில் தெரிந்ததெல்லாம், இந்த ஊரில் இவ்வளவு சத்தம் சந்தோசத்துக்கும் வரும் என்பதுதான். விடியப்புறம் வந்த அப்பா, பஸ் ஓடவில்லை, பாதித் தூரம் நடந்தேன், சனமெல்லாம் கட்டிப்பிடிக்குது என்று கோபமாகச் சொன்னார். அவரையும் யாரோ கட்டிப்பிடித்திருக்கிறார்கள். சாகும்வரை அதை ஒரு முறைப்பாடாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு 32 வருடங்களாக உலகத் தொடர் பக்கமே ஜேஸ் போகவில்லை. நடுவில் 2015, 2016 இல் வாசல்வரை போய்த் திரும்பினார்கள். 2022 இல் சியாட்டில் மரினர்ஸுக்கு எதிராக, சொந்த மைதானத்தில், 8–1 என்று முன்னிலையில் இருந்து 10–9 எனத் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் நடுவில் விழுந்த ஒரு பந்துக்காக ஓடிய ஜோர்ஜ் ஸ்பிரிங்கரும் போ பிஷெட்டும் மோதிக்கொள்ள, ஸ்பிரிங்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் யப்பானிய நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஒஹ்தானி ஜேஸில் சேர ரொறன்ரோவுக்கு விமானமேறிவிட்டார் என்று ஒரு வதந்தி. முழு நகரமும் ஒரு விமானத்தின் பாதையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கியது யாரோ ஒரு தொழிலதிபர். ஒஹ்தானி டொட்ஜர்ஸுக்குப் போனார். 2024 இல் ஜேஸ் தங்கள் பிரிவில் கடைசி. 74 வெற்றி.

அடுத்த வருடமே 94 வெற்றியோடு பிரிவில் முதலிடம் வந்தார்கள். என்ன நடந்தது என்று நிபுணர்கள் ஆயிரம் சொல்வார்கள். என் கண்ணுக்குப் பட்டது, யாரும் சும்மா அவுட்டாகிப் போகவில்லை என்பதுதான். பந்தை எப்படியாவது மட்டையில் பட வைத்தார்கள். பந்துவீச்சாளரைக் களைக்க வைத்தார்கள். காசு கேட்டு வந்த உறவுக்காரர் மாதிரி வாசலிலேயே நின்றார்கள்.

எங்கள் வீட்டில் இரசிகர்கள் மூன்று பேர். நான், பதினைந்து வயது மகள், அம்மா. மனைவி இந்தக் கணக்கில் இல்லை. "இஞ்சருங்கோ, தோத்தா நாளைக்குச் சமைக்கிறது நீங்கள்" என்று மட்டும் அவ்வப்போது வந்து சொல்வார். அம்மாவுக்கு வீரர்களின் பெயர் வாயில் நுழையாது. மொன்றியலில் பிறந்த விளாடிமிர் குரேரோ ஜூனியர் 'தடியன்'. செப்ரெம்பர் நடுப்பகுதியில்தான் முதல் ஆட்டம் ஆடி, ஒக்ரோபரில் யாங்கீஸைத் திணறடித்த 22 வயது ட்ரே யெசாவேஜ் 'பாலப்பெடி'. மெக்சிகோவின் ரிஹுவானாவிலிருந்து வந்த, குள்ளமும் உருளையுமான, மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கிற கச்சர் அலெஹாந்திரோ கேர்க் 'கட்டையன்'. கட்டையன்தான் அம்மாவின் செல்லம். "அவன் ஓடேக்க எனக்கு மூச்சு வாங்குது" என்பார். ஆனால் அவன் மட்டை பிடிக்க வந்தால் கையிலுள்ள வேலையை வைத்துவிடுவார்.

யாங்கீஸைத் தாண்டியாயிற்று. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் மறுபடி அதே சியாட்டில். ஏழு ஆட்டத்தில் நாலு வென்றால் உலகத் தொடர். முதல் இரண்டும் சொந்த மைதானத்தில், இரண்டிலும் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். ஒக்ரோபர் 13, தாங்ஸ்கிவிங் திங்கட்கிழமை. வேலையிடத்து நண்பர் ஒருவர் வாங்கிய விலைக்கே ஒரு ரிக்கெட் தந்தார். அரங்கின் உச்சாணிக் கொப்பில் இடம். தேநீர் வாங்கிக்கொண்டு படியேறி இருக்கைக்கு வந்து சேரமுதல் ஹூலியோ ரொட்ரிகஸ் மூன்று ஓட்ட ஹோம் ரண் அடித்துவிட்டார். கடைசியில் 10–3. வீடு திரும்பியபோது தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. "அப்பா, நீங்கள் இனிப் போகக்கூடாது" என்றாள் மகள். ராசியில்லாதவன். அறிவியல் படித்த பிள்ளை.

சியாட்டிலுக்குப் போய் 13–4, 8–2 என்று இரண்டை வென்றார்கள். நான் போகவில்லையே! ஐந்தாவதில் எட்டாம் இன்னிங்ஸ் வரை 2–1 என்று முன்னால் நின்று, ஒரு ஹோம் ரண்ணில் சமநிலையாகி, அப்புறம் யூஹேனியோ சுவாரஸின் ஹோம் ரண்ணில் நாலு ஓட்டம் போய்த் தோற்றார்கள். அதே ஆட்டத்தில் ஸ்பிரிங்கரின் முழங்காலில் பந்து பட்டு அவர் நொண்டிக்கொண்டு வெளியேறினார். ஆறாவதில் வெற்றி. ஏழாவது ஆட்டம் ஒக்ரோபர் 20, திங்கட்கிழமை.

அன்று தீபாவளி.

வேலைநாள் தீபாவளி எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். காலையில் அவசரமாகத் தலைமுழுக்கு, மாலையில் கோயில், இரவு ஆட்டிறைச்சிக் கறி. ஏழாவது இன்னிங்ஸில் 3–1 என்று பின்னால் நின்றார்கள். எல்லோரும் சாப்பிட்ட கோப்பைகளை எடுத்துக்கொண்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார். இரண்டு பேர் பேஸில், அதாவது தரிப்புகளில். நொண்டிக்கால் ஸ்பிரிங்கர் மட்டையோடு வந்தார். பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போனது எனக்கு நினைவில்லை. மகள் போட்ட சத்தம்தான் நினைவிருக்கிறது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, "என்ன, என்ன உடைஞ்சது?" என்றார். 4–3. அந்த ஒற்றை ஓட்டத்தை மிச்ச நேரம் முழுக்க நெஞ்சில் கைவைத்துக்கொண்டு காவல் காத்தோம். வென்றபின் மகள் வீட்டுக்கு ஒரு புதிய சட்டம் போட்டாள்: ஜேஸ் முன்னிலை வரும் இன்னிங்ஸில் அப்பம்மா எங்கே நின்றாரோ, அங்கேயேதான் ஆட்டம் முடியும்வரை நிற்கவேண்டும். அம்மா மறுக்கவில்லை. நாற்பது நாள் விரதம் இருப்பவருக்கு ஒரு குசினி என்ன பெரிய தவம்?

இரண்டு நாள் கழித்துக் கந்தசஷ்டி தொடங்கியது. அம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான். அந்த ஆறு நாளுக்குள் உலகத் தொடரின் முதல் மூன்று ஆட்டங்களும் வந்து விழுந்தன. எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். ஒஹ்தானியின் அணி.

முதல் ஆட்டம் ஒரு கொண்டாட்டம். ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ஓட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அடிசன் பார்ஜர் பேஸ் மூன்றும் நிரம்பியிருக்க ஹோம் ரண் அடித்தார். உலகத் தொடரில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அப்படி அடித்தது அதுவே முதல்முறை. பின்னாலேயே கட்டையனும் ஒன்று அடித்தான். 11–4. இரண்டாவதில் யமமோட்டோ என்கிற யப்பானியர் கடைசி இருபது பேரையும் வரிசையாக வீட்டுக்கு அனுப்பி, ஆட்டம் முழுவதையும் தானே வீசி முடித்தார். அந்தத் தோல்வியில் ஒரு நோவும் இல்லை. நல்ல வித்துவானிடம் தோற்ற மாதிரி.

மூன்றாவது ஆட்டம் ஒக்ரோபர் 27 இரவு, லொஸ் ஏஞ்சலிஸில். அன்று சூரன்போர்.

கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டு வந்து அம்மா ரீவிக்கு முன்னால் இருந்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, கண்ணில் நித்திரையுமில்லை. கட்டையன் மூன்று ஓட்ட ஹோம் ரண் அடித்தான். டொட்ஜர்ஸ் சமன் செய்தார்கள். ஜேஸ் மறுபடி முந்தினார்கள். ஒஹ்தானி ஹோம் ரண் அடித்து 5–5 ஆக்கினார். அதன்பின் அவருக்கு நேராகப் பந்து போடவே ஜேஸுக்குத் துணிவு வரவில்லை, வேண்டுமென்றே எட்டாத பந்துகளைப் போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் ஒன்பது தடவை பேஸ் ஏறினார் மனிதர்.

ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது பத்துக்குப் போனது. பதினொன்று. பன்னிரண்டில் ஜேஸின் ஆட்கள் மூன்று பேஸிலும். டொட்ஜர்ஸ் கிளேட்டன் கேர்ஷோவை இறக்கினார்கள். அந்த வருடத்தோடு ஓய்வு பெறப்போகிற, ஒரு காலத்தின் மாபெரும் பந்துவீச்சாளர். ஒரே ஒருவரை அவுட்டாக்கிவிட்டுப் போய்விட்டார். "பார், ஒரு தலை விழ மற்றத் தலையோட வாறான்" என்றார் அம்மா. யானைத்தலை போய், சிங்கத்தலை போய், மாமரமாக நிற்கும் சூரன். பதினாலு. பதினைந்து. மகளை நித்திரைக்கு அனுப்பினேன். படியில் இருந்து பார்த்தாள். பதினாறு. நான் காலை ஏழு மணிக்கு வேலையில் நிற்கவேண்டியவன். பதினேழு. அம்மா கந்தசஷ்டி கவசத்தை இரண்டாம் தடவை தொடங்கிவிட்டார், வாய்க்குள்.

பதினெட்டாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் நடுமைதானத்துக்கு மேலால் அடித்தார். 6–5. ஆறு மணித்தியாலம் 39 நிமிடம். எங்கள் மணிக்கூட்டில் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ரீவியை நிறுத்தினேன். இருட்டில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

"சரி, இனிப் படுத்து என்ன" என்று அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது. பாறணைச் சமையல். விடியமுதல் ஐந்து கறியோடு சோறு. அந்த நேரத்தில் சாப்பிட்ட கத்தரிக்காய்க் கறி போல ஒன்றை நான் அதற்கு முதலும் பிறகும் சாப்பிட்டதில்லை. தோல்வி அப்படியொரு பசியை எடுக்கும் என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதினெட்டு இன்னிங்ஸ் ஆடித் தோற்ற அணி அடுத்த நாள் கிழிந்த பாயாகக் கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த நாளே பந்து வீச வந்த ஒஹ்தானியிடமிருந்து தடியன் ஒரு ஹோம் ரண்ணைப் பிடுங்கினான், 6–2. அதற்கு அடுத்த நாள் முதல் மூன்று பந்துக்குள் இரண்டு ஹோம் ரண், பாலப்பெடி பன்னிரண்டு பேரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட்டாக்கினான், 6–1. மூன்றுக்கு இரண்டு. இன்னும் ஒன்று வென்றால் போதும், மிச்ச இரண்டும் ரொறன்ரோவில்.

அந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் நான் உண்மையில் சந்தோசமாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கடையில் முன்பின் தெரியாதவர்கள் என் தொப்பியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மரக்கறிக்கடை அண்ணை கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

ஆறாவது ஆட்டம் ஹலோவீன் இரவு. மூன்றாவது இன்னிங்ஸில் நான் வாசலில் நின்று ஒரு குட்டிப் பேய்க்குச் சொக்லேற் போட்டுக்கொண்டிருந்தபோது டொட்ஜர்ஸ் மூன்று ஓட்டம் எடுத்துவிட்டார்கள். கடைசி இன்னிங்ஸில் 3–1. ஒருவர் பேஸில் நிற்க, பார்ஜர் சுவர்வரை அடித்தார். பந்து சுவரின் அடியில், மெத்தைக்கும் தரைக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. உருண்டு திரும்பி வந்திருந்தால் ஒரு ஓட்டம் வந்திருக்கும். செருகினால் இரண்டு பேஸோடு நிற்கவேண்டும் என்பது விதி. ஓடியவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அடுத்தவர் முதல் பந்திலேயே அவுட். அதற்கடுத்தவர் அடித்த பந்தை இடதுபக்கத்தில் ஓடிவந்து பிடித்த கிக்கே ஹெர்னாண்டஸ் அதே மூச்சில் இரண்டாம் பேஸுக்கு எறிய, திரும்பி ஓடிவந்த பார்ஜரும் அவுட். முடிந்தது. ஆண்டாண்டு காலமாகப் பந்து பட்டு வரும் ஒரு சுவர். அன்றைக்குத்தான் அது பந்தைக் கவ்வவேண்டுமா?

நொவெம்பர் 1, சனிக்கிழமை. ஏழாவது ஆட்டம்.

முழங்கால் காயத்திலிருந்து உலகத் தொடருக்காகத் திரும்பிவந்த போ பிஷெட், மூன்றாவது இன்னிங்ஸில் ஒஹ்தானியின் பந்தை மூன்று ஓட்டத்துக்கு அடித்தார். அப்போது அம்மா குசினிக்குள் நின்றார். சட்டம் அமுலுக்கு வந்தது. ஒரு கதிரையை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். 3–1, 3–2, 4–2, எட்டாவதில் 4–3. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து "என்னவாம்?" என்று குரல் வரும். "முன்னுக்குத்தான் அம்மா" என்று சொல்வேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, என்னுடையது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். மூன்று அவுட் எடுத்தால் 32 வருடம் முடியும். ஜெஃப் ஹொஃப்மன் முதல் ஆளை வெளியேற்றினார். அரங்கில் எழுந்த சத்தம் எங்கள் ரீவியை அதிரவைத்தது. மகளும் கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து அம்மா வெளியே வந்துவிட்டார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, "வெண்டிட்டமோ?" என்றார்.

மிகெல் ரோஹாஸ் ஹோம் ரண்ணுக்குப் பேர்போனவர் இல்லை. அடித்தார். இடதுபக்கச் சுவருக்கு மேலால். 4–4.

மகள் திரும்பி அப்பம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அம்மா ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி குசினிக்குள் போனார்.

பிறகு நடந்ததை நான் இன்றுவரை முழுதாக மறு ஒளிபரப்பில் பார்க்கவில்லை. அதே இன்னிங்ஸில் ஜேஸின் முறை. முந்தின நாள்தான் ஆறு இன்னிங்ஸ் வீசிய யமமோட்டோ திரும்ப வந்தார். அவர் போட்ட பந்து கட்டையன் மேல் பட, மூன்று பேஸும் நிரம்பின. ஒரு ஓட்டம் போதும். தரையோடு அடித்த பந்தை ரோஹாஸ்தான் மறித்தார், தடுமாறி, வீட்டுக்கு எறிந்தார். மூன்றாம் பேஸிலிருந்து சறுக்கி வந்த கைனர்-ஃபலெஃபா ஒரு காலடி முன்னால் நின்று ஓடியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஒளிப்பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவுட்தான். அடுத்து ஏர்னி கிளெமன்ட் தூர அடித்தார். முடிந்தது, வென்றாயிற்று என்று எழும்பிவிட்டேன். அண்டி பாஹெஸ் தன் கூட்டாளியையே இடித்து விழுத்திவிட்டுப் பந்தைப் பிடித்தார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரண். 5–4.

கடைசி முறை. தடியன் அடித்துவிட்டு இரண்டாம் பேஸ்வரை ஓடினான். அடுத்தவர் அவனை மூன்றாவதுக்கு நகர்த்தினார். ஒருவர் நடந்தார். மூன்றாவதில் ஒன்று, முதலாவதில் ஒன்று, ஒரு அவுட். மட்டையோடு வந்தவன் கட்டையன்.

அம்மாவைக் கூப்பிடவா விடவா என்று நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் கூப்பிடவில்லை. மட்டை உடைந்தது. பந்து நேரே முக்கி பெட்ஸிடம் உருண்டது. அவர் இரண்டாம் பேஸை மிதித்து முதலாவதுக்கு எறிந்தார். கேர்க் ஓடிக்கொண்டிருந்தான், தன்னால் முடிந்தளவு வேகமாக.

நள்ளிரவு தாண்டிவிட்டது. ரீவியில் டொட்ஜர்ஸ் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். குசினி வாசலில் அம்மா நின்றார்.

"ஆர் கடைசியா அடிச்சது?"

"கட்டையன், அம்மா."

"பாவம் பெடியன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் உள்ளுக்கயே நிண்டிருக்கலாம்" என்றார்.

ராசியில்லாதவன் என்று பெயரெடுத்த எனக்கு அந்த முகம் தெரியும். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் எழுந்து போய், கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றினாள். அன்றிரவுதான் குளிர்கால நேரமாற்றம். முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி, துடைத்து, மறுபடி மாட்டினாள்.

"அப்பம்மா, இப்ப பதினொன்று இருபது" என்றாள். "இந்த நேரம் நாங்கள் இன்னும் தோக்கேல்லை."

அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.